சுகம் விசாரிக்க வந்திருக்கிறோம்

மாங்குளம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சுஜிதனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வைரவர் துணையால் நானும் அப்பாவும் தங்கச்சியும் இங்கே சுகமாக இருக்கிறோம். அடுத்த வரியில் உன் சுகத்தையும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை அதை எழுதப்போவதில்லை. எழுதினால் நல்ல சுகம் அம்மா என்று ஒரு வரியில் முடித்துவிடுவாய். நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். போன் அடித்தால் எடுக்கிறாயில்லை, குரல் பதிவு அனுப்பினால் கேட்கிறாயில்லை. சுவிசில் உன்னோடு அந்த வீட்டில் இருக்கிற பெடியன்தான் சொன்னான், நீ ரெஸ்ரோறன்ற் வேலைக்குப் போவதை விட்டுவிட்டாயாம், அறையை விட்டு வெளியே வருவதில்லையாம், சமைத்துக் கதவடியில் வைத்தாலும் பாதி அப்படியே கிடக்கிறதாம். அவனைக் கோபிக்காதே, கோள் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னான். நான் கேட்டுவிட்டு அழுதேன், முகத்தைக் கழுவினேன், இதை எழுத இருந்துவிட்டேன்.

முதலில் வீட்டுப் புதினம். காலபோக நெல் விதைத்து மழையும் அளவாகப் பெய்தது, பயிர் முழங்கால் உயரம் நிற்கிறது. யானை ஒருநாள் வந்து வேலியைத் தள்ளிப் பார்த்துவிட்டு என்ன நினைத்ததோ திரும்பிப் போய்விட்டது. தங்கச்சி லக்சிகா கிழமை முழுக்க வவுனியாவில் படிப்பு, வெள்ளி பின்னேரம் ரயிலில் வந்து இறங்கி நேரே குசினிக்குள்தான் போவாள், அங்கே சாப்பாடு சரியில்லையாம். அப்பாவுக்கு முழங்கால் நோ, ஆனால் வைத்தியரிடம் போகச் சொன்னால் மாட்டுக்குப் புல் இல்லை என்கிறார். நீ காசு அனுப்பவில்லை என்று இங்கே ஒருவரும் மனம் நோகவில்லை, அதை நினைத்து நீயும் நோகாதே. கூரை போட்டாயிற்று, நெல்லும் இருக்கிறது, எங்களுக்கு நீ போதும்.

உன்னை நினைத்து நான் அந்தரப்பட்டபோது அப்பா, கொஞ்ச நாளைக்கு அவனைச் சும்மா விடு, தானாகத் தெளிவான் என்றார். பாலனையும் இப்படித்தானே சும்மா விட்டோம் என்று கேட்டேன், எழும்பிப் புல் வெட்டப் போய்விட்டார். பாலன் மாமாவின் சங்கதியை உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன், இப்போது முழுக்கச் சொல்கிறேன், ஆறுதலாக வாசி. என் தம்பி எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். உன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மீன் வாங்க நாயாற்றுக்குப் போய், மீன் வாங்க மறந்து கடலில் குளித்துவிட்டு வந்த ஆள். போன வெள்ளத்தில் பயிர் அழிந்த பிறகு அவன் வயலுக்குப் போகவில்லை. வெள்ளம் ஒரு சாட்டு. அதற்கு முதல், சண்டைக் காலத்திலிருந்தே அவன் மனதுக்குள் அடுக்கி வைத்தது என்னென்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை ஒருவரும் ஒருவரிடமும் கேட்பதில்லை. அறைக்குள்ளேயே படுத்தான். மாமி ஊருக்கு மூட்டுவாதம் என்று சொன்னாள். விசர் என்று ஒரு பெயர் ஒட்டிவிட்டால் அவர்களின் மகளின் கலியாணப் பேச்சு என்னாவது என்று பயம். நான் போனால், எனக்கு ஒண்டுமில்லை அக்கா என்பான், அதோடு கதை முடிந்துவிடும். நாங்களும் மூட்டுவாதத்தை நம்பினமாதிரி நடித்துக்கொண்டு தள்ளியே நின்றோம். காய்ச்சல் என்றால் தோடம்பழமும் விசுக்கோத்தும் வாங்கிக்கொண்டு ஓடுகிற ஊர் இது. மனது சரியில்லை என்றால் மட்டும், கேட்காமல் விடுவதுதான் மரியாதை என்று எட்டப் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் ஆசுபத்திரியின் உளநலப் பிரிவிலிருந்து சாரங்கா என்ற பிள்ளை எங்கள் பக்கத்துக்கு வந்தாள். உளவளத்துணையாளர், உன் வயதுதான் இருக்கும். பொதுநோக்கு மண்டபத்தில் உளநலம் என்று பெரிதாக எழுதிக் கட்டிவிட்டு இருந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தவிர ஒரு மனுசர் எட்டிப்பார்க்கவில்லை. அந்த எழுத்துக்குக் கீழே நுழைவதை யாரும் கண்டால் என்ன கதை வரும் என்று எங்களுக்குத்தானே தெரியும். அவள் சளைக்கவில்லை. எங்கள் மாதர் சங்கத்துக்கு வந்து என்னிடம் நேரே சொன்னாள், "அன்ரி, தனிய என்னால ஏலாது. எனக்கு வருத்தத்தைத் தெரியும், உங்களுக்கு ஊரைத் தெரியும். ரெண்டையும் சேர்ப்பம்." தலைவி என்று ஒரு கதிரை தந்து என்னை இருத்தியிருக்கிறார்கள், சும்மா இருக்க எனக்கும் வராது. கமக்காரர் அமைப்பு மயில்வாகனம் அண்ணையிடம் போனேன். குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பது என்று பேசுகிற கூட்டத்துக்கு ஊரில் ஒரு ஆம்பிளை வராமல் இருக்கமாட்டான், அதிலே பசளைக் கதைக்கும் தண்ணீர்க் கதைக்கும் நடுவில் சாரங்காவை நித்திரையைப் பற்றிக் கதைக்க விட்டார். எழும்பிப் போனால் தண்ணீர் முறை தெரியாமல் போய்விடும், எல்லோரும் இருந்து கேட்டார்கள். கோயில்காரர் வெள்ளிக்கிழமைப் பூசை முடிய அவள் ஆட்களைச் சந்திக்க மடத்தைத் தந்தார்கள், பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனால் யார் கேட்கப்போகிறார்கள். சந்தி ஆட்டோக்காரப் பெடியள் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குகிறார்கள், யாரை ஏற்றினோம் என்று மூச்சும் விடுவதில்லை. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதான்.

இனி நான் செய்த கூத்தைக் கேள். சுகம் விசாரிப்பது எங்கள் வழக்கம்தானே, மனதுக்கும் சுகம் விசாரிப்போம், முதல் வீடு என் தம்பி வீடாக இருக்கட்டும் என்று சங்கத்தில் முடிவெடுத்தோம். சாரங்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், எனக்கு எங்கே அந்தப் பொறுமை. மயில்வாகனம் அண்ணையின் உழவு இயந்திரப் பெட்டியில் பெண்டுகள் எல்லோரும் ஏறி, காலமை வெயிலுக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு போய் இறங்கினோம். இந்த ஊரில் பெண்டுகள் இப்படி ஒன்றாகப் பெட்டியில் ஏறிப் போவது எதற்கு என்று யோசித்துப் பார். செத்த வீட்டுக்குத்தான். ஒழுங்கை முழுக்கச் சனம் எழும்பி எங்களுக்குப் பின்னால் வந்துவிட்டது. சந்திக் கடைக்காரர் போன் எடுத்து, பிரேதம் எப்ப எடுக்கினம் என்று கேட்கிறார். யாரோ இரண்டு பேர் வாங்குக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்குகிறார்கள். மாமி தன் தாய்க்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று தலையில் அடித்துக் குழறத் தொடங்கிவிட்டாள். அந்தச் சத்தத்தில் பாலன் அறைக்குள்ளிருந்து வந்தான். வளர்ந்த தாடி, மெலிந்த உடம்பு, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான், ஆர் செத்தது என்று கேட்டான். நானோ என்று கேட்டான். கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மகன், நான் திரும்பி நடந்துதான் வந்தேன், பெட்டியில் ஏற எனக்கு முகம் இல்லை.

சாரங்கா ஏசவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகுதான் சொல்லித் தந்தாள். ஒரு நேரத்தில் ஒரு ஆள் போதும், புத்தி சொல்லக்கூடாது, துருவிக் கேட்கக்கூடாது, பக்கத்தில் இருந்தால் காணும். புத்தி சொல்லாமல் இருப்பது எனக்கு உபவாசம் இருப்பதைவிடக் கஷ்டம் என்று உனக்குத் தெரியும், அதனால் அப்பாவை அனுப்பினேன். அவர் வாயைத் திறக்கக் கோடாலி வேண்டும் என்று இத்தனை காலமும் குறை சொன்னேன், அந்த வாயே இப்போது மருந்தாகிவிட்டது. பின்னேரம் போவார், அறை வாசலில் கதிரையைப் போட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு இருப்பார், இருட்ட முதல் வருவார். என்ன கதைத்தீர்கள் என்றால், ஒண்டும் இல்லை என்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். அப்படிக் கன நாள் போன பிறகு ஒரு பின்னேரம் பாலன் தானாக வாய் திறந்திருக்கிறான். "அத்தான், நான் நித்திரை கொண்டு கனகாலம். கண்ணை மூடப் பயமாக் கிடக்கு." அதற்கு அப்பா, "அப்ப வா, கிளினிக்கில போய்க் கேட்டுப் பாப்பம்" என்றாராம். அவ்வளவுதான். அடுத்த கிளினிக் நாளில் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் உனக்குப் பொய் எழுதமாட்டேன். முதல் மருந்து அவனை மந்தமாக்கியது, விடப்போகிறேன் என்று நின்றான், சாரங்கா வைத்தியரிடம் சொல்லி மாற்றுவித்தாள். இன்னமும் சில காலமைகளில் எழும்பமாட்டான். ஆனால் இந்தக் காலபோகம் தன் வயலைத் தானே விதைத்தான், வரம்பில் நின்று மயில்வாகனம் அண்ணையோடு தண்ணீருக்குச் சண்டையும் பிடித்தான், அன்றைக்கு நான் வைரவருக்கு வடைமாலை சாத்தினேன். மகளுக்குப் பேசிவந்த ஒரு இடம் விசயம் தெரிந்து கதையை விட்டுவிட்டது. விடட்டும். இன்னொரு இடத்தார் வந்து, பிள்ளையின்ர அப்பா கிளினிக்குக்குப் போறவர் தானே, எங்கட அண்ணரையும் கூட்டிக்கொண்டு போகலாமோ என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் சனம் ஒன்றும் கல்லால் செய்தது இல்லை, யாரும் முதலில் கேட்பதில்லை, அதுதான் குறை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். பாலனின் "எனக்கு ஒண்டுமில்லை அக்கா"வும் உன்னுடைய "நல்லா இருக்கிறன் அம்மா"வும் ஒரே குரல். ஒரு தரம் ஏமாந்தேன், இனி ஏமாறமாட்டேன். உனக்கு வந்திருப்பது வெட்கப்படுகிற விசயம் இல்லை, காய்ச்சல் மாதிரி அதுவும் ஒரு வருத்தம், வருத்தத்துக்கு ஆசுபத்திரி இருக்கிறது, உன் சுவிசிலும் இருக்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், நீ சின்ன வயதிலேயே அழாத பிள்ளை, அது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, இப்போது இல்லை. உன்னைத் திரும்பி வா என்றும் சொல்லமாட்டேன், அங்கேயே இரு என்றும் சொல்லமாட்டேன், அதை உடம்பும் மனதும் தேறிய பிறகு நீயே யோசி. வரவேண்டும் என்று தோன்றினால் உன் கட்டில் அப்படியே இருக்கிறது, யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள், கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் பின் ஒழுங்கைப் பிரதாபனை உனக்குத் தெரியும், உன் இடத்திலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி இருக்கிறான். தன் தங்கச்சியின் கலியாணத்துக்கு ஊருக்கு வந்தவன், போகும்போது உனக்கு மிளகாய்த்தூள் கொண்டுபோவாயோ என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். உன்னைப் பற்றியும் எல்லாம் சொல்லிவிட்டேன். அவன் குசினி வாசலில் குந்திக்கொண்டிருந்தான், கேட்டுவிட்டுச் சொன்னான். "அன்ரி, நானும் அங்க ஒரு வருசம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தனான். ஒருத்தரும் வந்து தட்டேல்லை. நான் போய்த் தட்டுறன்." அவனுக்கு அங்கே வைத்தியரைத் தெரியும், தமிழில் மொழிபெயர்த்துச் சொல்கிற பெண் ஒருத்தியையும் தெரியும், நீ ஓம் என்றால் கூடவே வருவான். சாரங்கா சொன்னதை அவனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், புத்தி சொல்லமாட்டான், துருவிக் கேட்கமாட்டான்.

வைரவர் உன் பக்கத்தில் நிற்பார். அம்மா அப்பாவின் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள், தூளைக் காற்றுப் போகாமல் மூடி வை. இன்னும் ஒன்று. அவன் திறக்காவிட்டால் இந்தக் கடிதத்தைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிடு, ஆனால் போய்விடாதே, அவன் வாசித்து முடியும்வரை வெளியே இரு என்று பிரதாபனுக்குச் சொல்லியிருக்கிறேன். இருப்பான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான். எழும்பிக் கதவைத் திற அப்பன், வந்த பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடு.

உன்னைப் பெற்ற அம்மா,
யோகலிங்கம் கமலாசனி