பஞ்சுப் பூனைக்கு ஒரு பாட்டு

அன்புக் குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், என் தொண்டை மட்டும் கட்டிப்போயிருக்கிறது, காரணம் சந்தோஷமானது, சொல்கிறேன். உனக்கு இருமல் விட்டதா? போனில் சரியாப்போச்சும்மா என்று சொல்லும்போதே நடுவில் இருமினாய், எனக்குக் காது நன்றாகக் கேட்கும். குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று அப்பா கழற்றினார், இப்போது சமையலறையிலும் தண்ணீர் வரவில்லை. அவரிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடாதே.

ஒரு திருட்டையும் சொல்லிவிடுகிறேன். உன் அலமாரியில் இருந்த ஒற்றைக்காதுப் பஞ்சுப் பூனையைப் பள்ளிக்கு எடுத்துப்போய்விட்டேன். ஆண்டு விழாவில் என் மழலையர் வகுப்பு பாட வேண்டியிருந்தது. நீ சின்னதில் பாடிய அதே பூனைப் பாட்டுதான், முதலில் பூனையைத் தூங்கவைத்துக் கடைசியில் எழுப்புமே, அது. எல்லாருக்கும் மனப்பாடம், அதுதான் தொல்லையே, தெரிந்த பாட்டு என்றால் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். தலைமையாசிரியை வந்து கேட்டுவிட்டு, டீச்சர், இது பாட்டா சந்தைக்கடையா, பேசாம ஸ்பீக்கர்ல பாட்டைப் போட்டுடலாம், இதுங்க வாயை மட்டும் அசைக்கட்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. பாடத் தெரிந்த பிள்ளையை வாயசைக்கச் சொல்வது, ஓடத் தெரிந்த பிள்ளையை இடுப்பிலேயே தூக்கிவைத்திருப்பது போலத்தானே? வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க மேடம் என்று கேட்டு வாங்கினேன்.

வகுப்பில் மெதுவா பாடுங்க என்றேன். பாடினார்கள், பேட்டரி தீர்ந்த பொம்மை போல இழுத்து இழுத்து, ஆனால் அதே கத்தலில்! சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நம் பேச்சில் மெதுவா என்றால் வேகத்தைக் குறைப்பதும்தான், சத்தத்தைக் குறைப்பதும்தான். நான் ஒன்றைச் சொன்னேன், அவர்கள் மற்றொன்றை எடுத்துக்கொண்டார்கள். இத்தனை புத்தகம் படித்து என்ன பிரயோஜனம் சொல்லு. மறுநாள் உன் பூனையை நாற்காலியில் துண்டு விரித்துப் படுக்கவைத்து, ஒரு விளக்கமும் சொல்லாமல், இதைத் தூங்கவைங்க பார்க்கலாம் என்றேன். சத்தம் தானாக இறங்கியது. முன்வரிசைக் குண்டுப் பையன் பூனையின் வயிற்றைத் தட்டிக்கொண்டே பாடினான், குரலில் அப்படி ஒரு கொஞ்சல்.

ஆயாம்மா வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்த ஒருத்தி உண்டு, சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காதவள். வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை, என்ன டீச்சர் ரெடியா என்று வாசலிலேயே உரக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். வாய்ப்பூட்டு எழுந்து போய், உதட்டில் விரலை வைத்து, மெதுவா மிஸ், இப்பத்தான் தூங்குது என்றாள்! அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டார். ஸ்பீக்கர் பேச்சு அதோடு போயிற்று.

நேற்றுதான் விழா. பூனை மேடை நடுவில் படுத்திருந்தது, முதல் அடியை வாய்ப்பூட்டு தனியாகப் பாடினாள், நூல் போல ஒரு குரல், அறுந்துவிடவே இல்லை. பின்வரிசையில் யாரோ ஒரு அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை குனிந்து அவரிடம் சொன்னது மேடையோரம் நின்ற எனக்கே கேட்டது, அவ்வளவு அமைதி. சார், மெதுவா, பூனை முழிச்சிடும் என்றார்! அப்புறம் எழுப்புகிற அடி வந்தது. கத்தல் எல்லாவற்றையும் அங்கேதான் சேர்த்துவைத்திருந்தோம். தெரிந்த பாட்டாயிற்றே, மண்டபமே சேர்ந்துகொண்டது, போனைப் பைக்குள் போட்டுவிட்ட அந்த அப்பா உட்பட. என் தொண்டை போனது அங்கேதான்.

ஆபீஸ் மீட்டிங்கில் பேச வாயே வரமாட்டேங்குது என்றாயே, அடுத்த முறை யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்து அவருக்கு மட்டும் சொல்லிப் பார். நின்றுகொண்டே சாப்பிடாதே. நன்றாக இரு, நீ நினைத்தது நடக்கட்டும். பூனை இனி வீட்டுக்கு வராது. அதற்கு இன்னொரு காது வேண்டும் என்று வாய்ப்பூட்டு உத்தரவு போட்டிருக்கிறாள், அவள் இப்போது வாயை மூடுவதே இல்லை. உன் பழைய பச்சைச் சட்டையில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாமா? மறக்காமல் பதில் போடு.

குரல் போன குஷியில்,
உன் அம்மா