சங்கிலி இல்லாத கதவு

மார்ச் 4

என் துரு அண்ணாவுக்கு,

"மெயில் போடும்மா"ன்னு நீங்க ரிப்ளை பண்ணதும் நான் கத்துன கத்துல அம்மா நொண்டிக்கிட்டே வந்துட்டாங்க. "யாருடி அது?" "பாழடைஞ்ச கட்டடத்துக்குள்ள போய் ஃபோட்டோ எடுக்குறவரும்மா, நாலு லட்சம் ஃபாலோயர்ஸ்!" "அவருக்கு வேற வேலை இல்லையா?"ன்னுட்டுப் போயிட்டாங்க. மன்னிச்சிருங்க.

நான் ஃபோட்டோ கத்துக்கிட்டதே உங்க வீடியோ பார்த்துதான். உங்க ரூல் மூணும் மனப்பாடம். எதையும் எடுக்காதே, எதையும் நகர்த்தாதே, இடத்தை எவன்கிட்டயும் சொல்லாதே. மூணாவத உங்களுக்காக மீறப் போறேன்.

எங்க வீட்டுக்கு ரெண்டு ஸ்டாப் தள்ளி ஒரு மெத்தை ஃபேக்டரி. ஆறு வருஷம் முன்னாடி தீப்பிடிச்சு மூடுனது. மாடியில ஓரம் தைக்கிற செக்‌ஷன்ல அம்மா இருந்தாங்க. ஷிஃப்ட் முடியறதுக்குள்ள யாரும் இறங்கிடக் கூடாதுன்னு படிக்கட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டுவாங்களாம். அம்மா ஜன்னல்லருந்து குதிச்சு இடுப்பு போச்சு. மூணு பேர் உயிரோட வெளிய வரவே இல்ல. கம்பெனி இன்னிக்கு வரைக்கும் "கதவு திறந்துதான் இருந்துச்சு, பொம்பளைங்க பதறிட்டாங்க"ன்னு கோர்ட்ல சொல்லுது. கோர்ட் ஆள் போய்ப் பார்க்கணும்னு எங்க பக்கத்து வக்கீல் அக்கா போட்ட மனு எங்கயோ தூங்குது.

ஞாயித்துக்கிழமை சுவர் ஏறி உள்ள போனேன். சங்கிலி அப்படியே இருக்கு அண்ணா! பூட்டோட! ஆனா படிக்கட்டு கும்மிருட்டு. என் ஃபோன்ல கரிச்சட்டி மாதிரி விழுந்திருக்கு. நீங்க எடுத்தா ஒரு வளையம் விடாம தெரியும். அடுத்த மாசம் விசாரணை. மேப் அனுப்பியிருக்கேன். வருவீங்கல்ல?

உங்க நம்பர் ஒன் விசிறி,
சில்லு


மார்ச் 9

அன்பு சில்லு,

வியாழக்கிழமை தனியா போய்ட்டு வந்துட்டேன். தங்கமான இடம்மா! கருகின சுவர், உருகி நிக்கிற தையல் மெஷினுங்க, அந்த ஜன்னல் வெளிச்சம்... பத்து வருஷத்துல இப்படி ஒண்ணு மாட்டுனதில்ல. நீ கெட்டிக்காரி. படம் ரெடியானதும் பார்ப்ப. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லு.

துரு


மார்ச் 21

அண்ணா,

நல்லாருக்கீங்களா, சாப்பிட்டீங்களா எல்லாம் அப்புறம் கேக்குறேன்.

உங்க பேஜ்ல படம் வந்ததும் முதல் ஹார்ட் போட்டது நான்தான். பழக்கத்துல கை தானா போட்டிருச்சு. அப்புறம்தான் பார்த்தேன். கதவு ஆன்னு திறந்து கிடக்கு. உள்ளருந்து வெயில் படிக்கட்டுல கொட்டுது. கீழ "எதையும் தொடவில்லை, கண்டது கண்டபடி"ன்னு போட்டிருக்கீங்க. ஜூம் பண்ணிப் பண்ணி படம் கட்டம் கட்டமா உடையுற வரைக்கும் தேடுனேன். நேர்லயும் ஓடிப் போய்ப் பார்த்தேன். சங்கிலி இல்ல.

நேத்து கம்பெனி வக்கீல் அந்தப் படத்தையே பெருசா பிரிண்ட் போட்டு கோர்ட்ல குடுத்திருக்காரு, எங்களுக்கும் ஒரு காப்பி வந்துச்சு. "பிரபல கலைஞர் எடுத்தது, கதவு திறந்தே இருக்கிறது." அம்மா கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க. "அந்தப் படிக்கட்டுல இவ்ளோ வெளிச்சத்த நான் பார்த்ததே இல்லடி"ன்னாங்க.

எல்லாம் சொல்லித்தானே உங்கள வரச் சொன்னேன்? சரி, விடுங்க. திறக்கிறதுக்கு முன்னாடி டெஸ்ட் ஷாட் எடுத்திருப்பீங்கல்ல? அத மட்டும் குடுங்க. ஒரு கேள்வி கேக்க மாட்டேன்.

சில்லு


மார்ச் 24

சில்லு,

உன்கிட்ட மறைக்க மாட்டேன். சங்கிலிய நான்தான் அறுத்தேன். அரை மணி நேரம் ஆச்சு. மூடுன கதவுல படமே இல்லம்மா, வெறும் இருட்டு. கேஸ் விஷயம் ஞாபகம் இருந்துச்சு, ஒரு டெஸ்ட் ஷாட்டும் எடுத்தேன். கார்டு நிறைஞ்சப்ப அழிச்சிட்டேன். சங்கிலிய அங்கயே கீழதான் போட்டேன், இரும்பு பொறுக்குறவங்க எடுத்திருப்பாங்க.

அடுத்த வாரம் என் கண்காட்சி. வாசல்லயே அந்தப் படம்தான். இப்பப் போய் நான் தொட்டேன்னு சொன்னா என் பேரு நாறிடும். உனக்குப் புரியும், நீ என் தங்கச்சி மாதிரி. இது நமக்குள்ள இருக்கட்டும். வேற என்ன உதவி வேணும்னாலும் கேளு.

உன் அண்ணன்,
துரு


மார்ச் 29

அண்ணாவுக்கு,

"நமக்குள்ள"ன்னு எழுதியிருந்தீங்க. அஞ்சு நாள் அப்படியேதான் வச்சிருந்தேன். நம்பிக் குடுத்தத வெளிய விட்டா எப்படி வலிக்கும்னு இப்பதானே பட்டேன், அதையே நானும் உங்களுக்குப் பண்ணணுமான்னு இருந்துச்சு.

இன்னிக்குக் காலையில துணி மடிச்சுக்கிட்டே அம்மா கேட்டாங்க: "நிஜமாவே சங்கிலி இருந்துச்சா, இல்ல நாங்க பயத்துல சரியாத் தள்ளலியாடி?" ஆறு வருஷத்துல அம்மா ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்ல அண்ணா. அந்த மூணு பேரையும் நாமதான் விட்டுட்டு வந்துட்டோமோன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டாங்க, உங்க படத்தப் பார்த்து.

உங்க மெயில அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். வக்கீல் அக்காவுக்கும் அனுப்பிட்டு அவங்க ஆபீஸுக்குப் போனேன். "அட, இவரே எழுதிக் குடுத்துட்டாரே!"ன்னு நாற்காலிய விட்டு எந்திரிச்சிட்டாங்க. நானும் சந்தோஷத்துல குதிச்சிருக்கணும். குதிக்கல. வெளிய வந்து ஓரமா உக்காந்து அழுதேன், உங்களுக்காகவும்தான்.

உங்களுக்கு சம்மன் வரும். பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சுக்க வேணாம்னுதான் எழுதுறேன். அன்னிக்கு நானும் அங்க இருப்பேன். எதிர்ல பார்த்தா வணக்கம் வைக்க மாட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா சாட்சி சொல்லிட்டு இறங்கும்போது ரொம்ப மெதுவாத்தான் நடப்பாங்க. தயவு செஞ்சு ஃபோட்டோ எடுக்காதீங்க.

இப்படிக்கு,
ஓரம் தைக்கிற செக்‌ஷன்ல இருந்தவங்களோட பொண்ணு