மழை நின்ற பிறகும் பெய்த காடு

இன்று காலை இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்ததும் நனைந்த சீருடைகளின் மணம் எதிரே வந்தது. குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிய சாரல் தென்காசி வரை வந்து, ஜன்னல் வழியே பிள்ளைகளின் நோட்டுகளில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது. இது உன் வகுப்பு. நீ போய் இரண்டு ஆனி கடந்துவிட்டது. நான் இன்னும் உன் நாற்காலியில் ஓரமாகத்தான் உட்காருகிறேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். நம் இருவருக்கும் நடுவில் ஒரு தட்டி மட்டும்தான். காட்டைப் பற்றிய பாடம் வந்தால், ‘மழைக்காடுகளைக் காப்போம்’ என்று பலகையில் எழுதிப் பத்து முறை எழுதச் சொல்வேன். நீ தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னாய்: “எழுதட்டும்க்கா. அதுக்கு முன்ன கொஞ்சம் நனையட்டும்.”

மலைக்குக் கூட்டிப்போக நீ அனுமதி கேட்டாய். பிள்ளைகள் ரொம்பச் சின்னவர்கள், அட்டை கடிக்கும் என்று தலைமையாசிரியை மறுத்துவிட்டார். மறுவாரம் நீ பண்பொழியிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு மூட்டையோடு இறங்கினாய். உள்ளே முழுக்கப் பச்சைச் சேலைகள். என் கிளிப்பச்சையையும் வாங்கிக்கொண்டாய். வகுப்பில் கயிறு கட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று அடுக்கு விரித்தாய். அறையே பச்சை இருட்டாகிப்போனது. பெஞ்சில் நின்றவர்கள் மரங்கள், நடுவில் குரங்குகள், தரையில் தவளையாக, வகுப்பிலேயே குட்டியான ஒரு சிறுமி.

மேல் சேலையில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றினாய். அது ஊறி, இரண்டாவதில் சொட்டி, மூன்றாவதில் இறங்கி, தவளையின் நெற்றியில் வந்து விழ எவ்வளவோ நேரமானது. குடம் காலியான பிறகும் சொட்டு நிற்கவில்லை.

“மழை நின்னுட்டு. காட்டுக்குள்ள இன்னும் பெய்யுது பாருங்க” என்றாய்.

அந்தச் சொட்டுதான் அருவி, அருவிதான் சிற்றாறு, சிற்றாறுதான் நம் தட்டில் சோறு என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். பிள்ளைகள் கனவுக்குள் இருப்பவர்கள்போல அண்ணாந்து கிடந்தார்கள். தட்டி ஓரத்தில் நானும்தான்.

பிறகு, மரங்களை வெட்டுகிறார்கள் என்று சொல்லி, சேலைகளை ஒவ்வொன்றாக உருவினாய். கண்ணாடி ஓட்டின் வழியே வந்த வெயில் நேராகத் தவளையின் மேல் விழுந்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள்.

“நான் எங்கன போவேன் டீச்சர்?”

கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள். நீ அவள் பக்கம் குனிந்தாய். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மறுநாள் அவள் அம்மா வந்தார். பிள்ளை சோறு உண்ணவில்லை என்றார். தலைமையாசிரியை என்னிடம் அபிப்பிராயம் கேட்க, சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அதிகம்தான் என்று சொல்லிவிட்டேன். திரும்பினால் வாசலில் நீ.

சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தாய். பஸ் நன்னகரத்தைத் தாண்டியது. பிறகு, “நீங்க சொன்னது சரிதான்க்கா. உருவினவ திரும்பக் கட்டிட்டுல்லா பிள்ளைய வீட்டுக்கு அனுப்பியிருக்கணும்” என்றாய். என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் நீயும் பிள்ளைகளும் சேலைகளை மறுபடி கட்டினீர்கள். முடிச்சுப் போட்டதெல்லாம் அந்தத் தவளைதான். விட்டுவிட்டுப் போக வந்த அவள் அம்மா, போகாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீ நோயில் படுத்து, உன் வகுப்பு என்னிடம் வந்த பிறகு, உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் காட்டுப் பாடம் எடுத்தாச்சா என்று கேட்பாய். எடுத்தாச்சு என்பேன். அது பொய். எடுக்கப் பயமாக இருந்தது எனக்கு.

போன வாரம் எடுத்தேன். சாலையை அகலப்படுத்த வெட்டிய மருத மரங்களைப் பற்றி ஒருத்தி கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. அந்த முகங்களோடு அவர்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. குழாயடிக்குப் பின்னால் கூட்டிப்போய், ஆளுக்கொரு நாவல் கொட்டையைக் கையில் கொடுத்தேன். குந்தி உட்கார்ந்து மண்ணில் ஊன்றினார்கள்.

“முளைக்கலன்னா என்ன செய்ய டீச்சர்?” என்றாள் மருத மரத்தைப் பற்றிக் கேட்டவள்.

“மறுபடி போடுவோம்” என்றேன். மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.