ராகுகாலமும் இரண்டு சீற் காரும்

லா சப்பல், பாரிஸ்
மே 17, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சேந்தனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நானும் அப்பாவும் பிள்ளையார் காவலில் சுகமாக இருக்கிறோம், உன்னுடைய சுகத்தையும் மருமகள் அஜந்தாவின் சுகத்தையும் அறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய், நேற்றும் போனில் முகம் பார்த்துத்தானே பேசினோம் என்பாய். பேசினோம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் தோளோடு வந்து இருந்துவிடுவார், வெலிங்டனில் காற்றா மழையா என்று கேட்டு முடிக்கவே பாதி நேரம் போய்விடும். இது அவர் பக்கத்தில் இல்லாமல் சொல்ல வேண்டிய கதை. இப்போது ஸ்டாலின்கிராட் மெற்றோப் பக்கம் தலைமயிர் வெட்டப் போயிருக்கிறார், அந்தக் கடையில் கதிரையில் இருந்தால் உலக அரசியல் முழுவதும் பேசி முடிக்காமல் எழும்ப மாட்டார், ஆகவே எனக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கிறது. நீ அனுப்பிய கம்பளிச் சால்வை வந்தது, நல்ல சூடு, ஆனால் இங்கே வெயில் தொடங்கிவிட்டது, கார்த்திகைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். லிப்ட் மறுபடியும் பழுது. நாலு மாடி ஏறி இறங்குவது என் முழங்காலுக்கு நல்லது என்று அப்பா சொல்கிறார், மரக்கறிப் பையைத் தூக்குவது அவர் என்பதால் நானும் ஓம் என்றுவிட்டேன்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவைத் தூண்டிவிட்டதே நீதான், அதற்கு அப்போது உன்னை ஏசினேன், இப்போது நன்றி சொல்கிறேன், இரண்டையும் வைத்துக்கொள். இருபத்தேழு வருசம் தான் வேலை செய்த கடையின் வெள்ளை வான் வண்டியில் ரான்ஜிஸ் மொத்தச் சந்தைக்குப் போய், மீன் நாற்றமும் கறிவேப்பிலை வாசமுமாக வந்த மனுசன். நாங்கள் சொந்தமாக வைத்திருந்த ஒரே காரிலும் எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் பின்னால் நாலு பேர், மடியில் இரண்டு சட்டி. வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு இரண்டு சீற் மட்டும் உள்ள, நிலத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு காரை எடுக்கப் போகிறேன் என்றபோது ஊர் என்ன சொல்லும் என்றுதான் நான் முதலில் கேட்டேன். சொன்னார்கள்தான். கோயிலில் ஒருத்தி வந்து, உங்கடை அவருக்கு லொத்தர் விழுந்ததோ அல்லது மண்டையிலை ஏதும் விழுந்ததோ என்று கேட்டாள். நானும் விடவில்லை, இரண்டும்தான் என்றேன்.

ஆனால் அது கடைக்குப் போய் எடுத்துக்கொண்டு வருகிற சாமான் இல்லை என்பது உனக்குத் தெரியும். பெற்றோலில் ஓடுகிற வகையைக் கொம்பனி இந்த வருசத்தோடு நிறுத்துகிறதாம், கடைசித் தொகுதியில் ஒவ்வொரு விற்பனை நிலையத்துக்கும் இரண்டோ மூன்றோதான் கொடுப்பார்களாம். பாரிசுக்கு வெளியே, வில்லியே லே பெல்லுக்கு அங்காலே உள்ள நிலையத்தின் பட்டியலில் பதினேழு பேர், அப்பா ஐந்தாவது. அவர் முதல்முதல் அங்கே போனது இளைப்பாற முதல், வேலை உடுப்போடு. ஒரு பெடியன் நிமிர்ந்தும் பார்க்கவில்லையாம். ஜெர்மேன் என்கிற, ஓய்வெடுக்கிற வயதில் உள்ள விற்பனைக்காரிதான் கதிரை இழுத்துப் போட்டு, கோப்பி கொடுத்து, இராஜேந்திரன் என்கிற பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதியவர். அதன் பிறகு அப்பா மாதம் ஒருமுறை லா சப்பலில் சுடச்சுட மீன் ரோல்ஸ் வாங்கிப் பெட்டியோடு கொண்டுபோவார். ரோல்ஸால் பட்டியல் மாறாது முசியே என்று சொல்லிக்கொண்டே அந்த மனுசி இரண்டைச் சாப்பிட்டுவிடுவாராம்.

அந்தக் கார் பங்குனியில் கிடைக்காமல் போனது ஏன் என்று மட்டும் உனக்குத் தெரியாது. தொழிற்சாலையில் ஏதோ குழப்பம் என்று அப்பா உன்னிடம் சொன்னார். அது பொய், சேந்தன். அதைத் தொலைத்தது நான்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஜெர்மேன் போன் எடுத்தார். எங்களுக்கு முன்னால் இருந்த நால்வரில் இருவர் எடுத்துவிட்டார்கள், இருவர் விலகிவிட்டார்கள், ஒரு காருக்கு இடம் வந்திருக்கிறது, நாளைக் காலை பத்து மணிக்கு வந்து நிறம், சீற் துணி எல்லாம் சொல்லி ஓர்டர் பத்திரத்தில் கையெழுத்து வையுங்கள், பன்னிரண்டு மணிக்குக் கொம்பனியின் கணினி அந்த இடத்தை வேறு நிலையத்துக்குக் கொடுத்துவிடும் என்றார். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அப்பா கலண்டரைப் பார்த்துவிட்டு, பத்துக்கே போய்ப் பத்தேகாலுக்குள் கையெழுத்து வைத்துவிடலாம் என்று எனக்காகக் கணக்குப் போட்டுச் சொன்னார். நானும் சரி என்றேன். காலையில் வெளிக்கிட்ட பிறகு, இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகிறோம், பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை செய்யாமல் போவதா என்று நான்தான் அவரைக் கோயிலுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஐயர் என் தட்டை எடுக்கும்போதே நேரம் ஓடிவிட்டது. ரயில் பிடித்து, பஸ் பிடித்து அந்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து நாற்பது.

உள்ளே போக நான் விடவில்லை. முன்னால் இருந்த பஸ் தரிப்பிடத்தில் இருப்போம், பன்னிரண்டு ஐந்துக்குப் போவோம் என்றேன். பன்னிரண்டுக்கு முதல் வைக்க வேணும் எண்டெல்லே அவ சொன்னவ என்று அப்பா மெதுவாகச் சொன்னார். பிரெஞ்சுக்காரர் பன்னிரண்டு எண்டால் சாப்பாட்டு நேரம், ஒண்டரைக்கு முதல் ஒருத்தரும் ஒண்டும் செய்ய மாட்டினம் என்று நான் சட்டம் பேசினேன். இந்த நாட்டில் முப்பத்து மூன்று வருசம் இருந்த எனக்கு அது தெரியுமாம்! கணினிக்குச் சாப்பாட்டு நேரம் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடிக்கு உள்ளே இருந்து ஜெர்மேன் எங்களைக் கண்டு கை காட்டினார், நானும் இங்கிருந்து கை காட்டினேன். பிறகு அவர் போன் எடுத்தார். ராகுகாலத்தைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? மனைவிக்குக் கொஞ்சம் தலைச்சுற்று, காற்று வாங்குகிறார் என்று அப்பா சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்தப் பொய்.

பன்னிரண்டு ஐந்துக்கு வலது காலை வைத்து உள்ளே போனோம். ஜெர்மேன் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. இடம் வேறு நகரத்துக்குப் போய்விட்டது. அந்த மனுசி கோபிக்கவில்லை, மதாம், தலைச்சுற்று எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அந்தத் தண்ணீரைக் குடித்ததுதான் எனக்குப் பெரிய தண்டனை. திரும்பி வரும்போது ரயிலில் அப்பா எப்போது வெடிப்பார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, உமக்குப் பசிக்குதோ என்று. லா சப்பலில் இறங்கி எனக்கு மசாலாத் தோசை வாங்கித் தந்துவிட்டுத் தான் வெறும் தேநீர் குடித்தார். அன்று பின்னேரம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அந்தக் காரின் படத்தை நான் காணாத நேரம் பார்த்துக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

மூன்று கிழமை தாங்கினேன். பிறகு ஒரு நாள், அப்பாவிடம் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ரோல்ஸ் பெட்டியோடு தனியாக ரயில் ஏறி அந்த நிலையத்துக்குப் போனேன். என்னுடைய பிரெஞ்சு உனக்குத் தெரியும். கையையும் காலையும் சேர்த்துத்தான் பேசினேன். தலைச்சுற்று இல்லை, அவர் பொய் சொன்னது எனக்காக, எங்களுக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் உண்டு, பிழை முழுக்க என்னுடையது, அவருடைய பெயரைப் பட்டியலில் இருந்து வெட்டிவிட வேண்டாம் என்று சொல்லி முடிக்கும்போது கண்ணீர் வந்துவிட்டது. ஜெர்மேன் சிரிக்கவில்லை. யாராவது பாணைக் கவிழ்த்து வைத்தால் தன்னுடைய அம்மா அபசகுனம் என்று மேசையை விட்டே எழும்பிவிடுவாராம், அதைச் சொல்லிவிட்டு, யாராவது ஓர்டரை விட்டால் முதல் போன் உங்களுக்குத்தான் என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதினார். ஆனால் கேட்டு அரை மணிக்குள் பதில் வேண்டும் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். தினமும் விளக்கு வைக்கும்போது அவருக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று இருபதுக்குப் போன் வந்தது. லியோன் பக்கம் ஒருவர் விட்டுவிட்டார், நிறம் பச்சை, மாற்ற முடியாது, அரை மணிக்குள் சம்மதம் சொன்னால் பத்திரம் போனுக்கு வரும், விரலாலேயே கையெழுத்து வைக்கலாம் என்றார். செவ்வாய் ராகுகாலம் மூன்றிலிருந்து நாலரை. அப்பா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், நாலு முப்பத்தைந்துக்கு நானே திருப்பி எடுக்கிறேன் என்று ஜெர்மேனிடம் சொல்லத் தொடங்கினார். மகன், அந்த மனுசன் இரண்டாம் முறையும் விடத் துணிந்துவிட்டார், ஒரு பெருமூச்சுக்கூட விடாமல். நான் போனைப் பறித்துவிட்டேன். ஓம் மதாம், ஓம், பச்சை நல்லது, அனுப்புங்கோ என்று தமிழும் பிரெஞ்சும் கலந்து கத்தினேன். பத்திரம் வந்தது. அப்பா விரலால் எழுதியதில் கையெழுத்து புழுப் போல நெளிந்தது, ஆனாலும் கொம்பனி ஏற்றுக்கொண்டது. கார் ஐப்பசியில் வரும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. ஏதும் கெட்டது நடந்தால் என்ரை தலையிலைதான் விடியும் என்று புலம்பிக்கொண்டு தேத்தண்ணி போட்டேன். அப்பா அடுப்படி வாசலுக்கு வந்து சொன்னார், இஞ்சாரும், நாங்கள் மெறியிலை, அந்த நகரசபைக் கந்தோரிலை, கையெழுத்து வைச்சுக் கலியாணம் பதிஞ்சது சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு, அது ராகுகாலம் என்று. எனக்குத் தேத்தண்ணி கையில் ஊற்றுண்டது. நான் அப்போது ஊரிலிருந்து வந்து நாலு மாதம், நாள் பார்க்கிற பொறுப்பை வீட்டார் அவரிடம்தான் விட்டிருந்தார்கள். மெறியில் அந்த நேரம் மட்டும்தான் இருந்ததாம், விட்டால் இன்னும் இரண்டு மாதம், அதற்குள் என் விசா முடிந்துவிடும். பார்த்தாச்சு, நல்ல நேரம்தான் என்று அன்று என்னிடம் சொன்ன மனுசன் முப்பத்து மூன்று வருசம் வாயைத் திறக்கவில்லை.

நீ ஏழாம் மாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாயே, அந்த ஏழு கிழமையும் வாசலில் நின்று, தன்னால்தானோ, அந்தக் கையெழுத்தால்தானோ என்று தனியாக நினைத்து நினைத்துச் செத்தாராம். நான் கட்டிலில் அழுதுகொண்டிருந்தேன், எனக்கு இதையும் சேர்த்துத் தரக்கூடாது என்று சொல்லவில்லையாம். நீ நல்ல நிறையோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு ராகுகாலத்தை விட்டுவிட்டாராம், அதன் பிறகு நம்பினதே இல்லையாம். அப்ப ஏன் அந்த வெள்ளிக்கிழமை பஸ் தரிப்பிடத்திலை என்னோடை குந்திக்கொண்டிருந்தனீங்கள் என்று கேட்டேன். நீர் பயந்துபோய் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தீர், விட்டிட்டு எழும்ப மனம் வரேல்லை என்றார். நான் அடுப்பை நிறுத்திவிட்டு அங்கேயே நின்று அழுதேன், சேந்தன். துக்கத்தில் அழவில்லை. இப்படி ஒருவரை எனக்குத் தந்ததற்கு யாரிடம் போய் நன்றி சொல்வது என்று தெரியாமல் அழுதேன்.

இதெல்லாம் உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதினேன், ஆனால் அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. போனில் தொழிற்சாலைக் குழப்பக் கதையை அவர் மறுபடி சொன்னால் ஓம் ஓம் என்று கேள். மார்கழி லீவுக்கு இருவரும் கட்டாயம் வாருங்கள், ரிக்கற் இப்போதே போடுங்கள், முதல் ஓட்டம் எனக்கு, பிறகு நீ, பிறகு அஜந்தா, சண்டை வேண்டாம். அஜந்தாவின் இடுப்பு வலிக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசச் சொல். நீ வேலைக்குப் போகும்போது ஒரு பிடி சோறாவது கொண்டுபோ, பாணும் சீஸும் சாப்பாடு இல்லை. அப்பா படியேறி வருகிற சத்தம் கேட்கிறது, மூச்சு வாங்குகிறார், லிப்டையும் ஏசுகிறார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் கையை மற்றவர் விடாமல், நீடூழி வாழவேண்டும் என்று வாழ்த்தும்,

ராகுகாலத்தில் கையெழுத்து வைத்து இன்றுவரைக்கும் நன்றாக வாழ்கிற உன் அம்மா,
யோகராணி இராஜேந்திரன்