பெட்டியிலிருந்து வந்தபடியே

ஹவ்லிக், நெப்ராஸ்கா
6 மார்ச் 2016

அன்பு மகள் மார்லிஸுக்கு,

நான் நலம். டுலூத்தில் உன் ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கும். இங்கே பனி உருகி வாசலெல்லாம் சேறு. நேற்று அதில் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். பக்கத்து வீட்டு நாய் முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டு, எதையும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. மரியாதை தெரிந்த நாய்.

விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கிக் கடை ஆர்வல் டெசார் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டான். "ஏம்ப்பா லென், ரெண்டரை வருஷமாச்சு. ஏப்ரல்ல போட்டி தொடங்குது, வந்து சுடு. எங்களுக்கும் ஜெயிக்கறதுக்கு ஒரு ஆள் வேணாமா?" என்றான். எனக்காகவே மூன்று கைத்துப்பாக்கிகளை எடுத்துக் கொடுத்து, சுட்டுப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள் என்கிறான். மூன்றுமே நம் பிரிவுக்கானவை. கம்பெனிப் பெட்டியிலிருந்து வந்தபடியே சுட வேண்டும், கை வைக்கக் கூடாது என்கிற அந்தப் பிரிவு.

முதலாவது ஆஸ்திரியாக்காரனுடையது. பிளாஸ்டிக் உடம்பு. பார்க்க ஆணி அடிக்கிற மெஷின் மாதிரி இருக்கிறது, அழகு என்பது மருந்துக்கும் இல்லை. ஆனால் தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற சுத்தி வெளியே கிடையாது. விசையை முதல்முறை இழுத்தாலும் பத்தாவது முறை இழுத்தாலும் ஒரே கனம். என்னைப் போன்ற மந்தபுத்திக்கு ஏற்றது. எடை குறைவு என்பதால் கையில் கொஞ்சம் துள்ளுகிறது.

இரண்டாவது இத்தாலிக்காரனுடையது. மேலே சுத்தி உண்டு. தோட்டா ஏற்றியதும் பின்னால் ஏறி நிற்கிற சுத்தி, ஒரு நெம்புகோலைத் தட்டினால் தானாகவே பத்திரமாக இறங்கிவிடும். பிடி மட்டும் பெரிது. என் கை வெல்டிங் செய்து தடித்த கை, அதற்கே எட்டவில்லை.

மூன்றாவது செக் நாட்டுத் துப்பாக்கி. முழுக்க எஃகு, உன் அம்மாவின் இரும்பு வாணலி கனம். அதனால் துள்ளாது. முதல் குண்டுக்கு விசை நீளமாக, கடினமாக வரும். அடுத்ததிலிருந்து வெண்ணெய். எங்கள் போட்டியில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரே சங்கடம், அதில் நெம்புகோல் கிடையாது. சுத்தியைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, விசையை இழுத்து, மெதுவாக நாமேதான் இறக்க வேண்டும்.

பதினான்கு வயதில் கிளப் முன்னால் வைத்து என்னைத் தோற்கடித்தவள் நீ. எதை வாங்கட்டும், சொல்.

கொலாச்சி ரொட்டி ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஆப்ரிகாட் பூரணம் வைத்தது. நானே சுட்டது, ஆகவே பல்லைப் பார்த்துக்கொள். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
அப்பா


டுலூத், மின்னசோட்டா
19 மார்ச் 2016

அன்புள்ள அப்பாவுக்கு,

கொலாச்சி வந்தது. தூளாகத்தான் வந்தது. கரண்டியால் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு பக்கம், மூன்று துப்பாக்கி. டாரலின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. அந்தச் செக் துப்பாக்கியை ஏதோ முதன்முதலாகப் பார்ப்பவர் போல எழுதியிருக்கிறீர்கள். என் தம்பி கடைசியாகச் சுட்டது அதே மாதிரித் துப்பாக்கியால்தானே? அதை வாங்கிக் கொடுத்ததும் நீங்கள்தானே?

அன்றைக்குப் போட்டியில் என்ன நடந்தது என்று நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லை. அடக்கத்தின்போது வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, ஜோக் சொல்லிக்கொண்டு இருந்தீர்கள். என்னிடம் மட்டும் "லாரி, மார்லிஸ். லாரி" என்றீர்கள். அவ்வளவுதான்.

லாரி மோதியது எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு துப்பாக்கிகளைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள், படிக்கிறேன்.

மார்லிஸ்


ஹவ்லிக்
27 மார்ச் 2016, ஈஸ்டர்

அன்பு மார்லிஸ்,

ஆர்வல் வீட்டில் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பன்றித்தொடையை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றேன். தைரியத்துக்கு என்று வைத்துக்கொள்.

முதலில் இதைச் சொல்கிறேன். மூன்று துப்பாக்கியையும் அடித்தளத்து அறையில் தோட்டா இல்லாமல் பழகிப் பார்க்கிறேன். முதல் இரண்டோடும் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாவதை எடுத்து, சுத்தியில் கட்டைவிரலை வைத்த உடனே என் வலது தோளுக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்கிறார். போட்டியில் நடுவர் நிற்பாரே, அந்த இடத்தில், ஒரு கை தூரத்தில். மூச்சுக்கூடக் கேட்கிறது. திரும்பினால் வெந்நீர்க் கொதிகலன்தான் இருக்கிறது. நேற்று அதனிடமே, "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டேன். அது பதில் சொல்லவில்லை என்பதை உன் நிம்மதிக்காக எழுதுகிறேன்.

அன்றைக்கு டாரலுக்குப் பின்னால் அந்த இடத்தில் நின்றவன் நான். கையில் டைமருடன் நடுவராக நின்றேன். முதல் சுற்று. "தயார்படுத்திக்கோ" என்று சொன்னேன். அவன் தோட்டா ஏற்றினான். ஆரம்பத்தில் சுத்தி இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. கட்டைவிரலை வைத்து இறக்கினான். விரல் வழுக்கிவிட்டது. அவனுக்கு முன்னால், நாலு அடி தள்ளி, தரையில் குண்டு பாய்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டைமர் அடிப்பதற்கு முன்னால் துப்பாக்கி வெடித்தால், அந்த ஆளுக்குப் போட்டி முடிந்தது. அப்பன் பிள்ளை என்று பார்க்க முடியாது. "நிறுத்து" என்றேன்.

எங்கள் கிளப் வழக்கம் உனக்குத் தெரியும். நீக்கப்பட்டவன் போய் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு, மீதிப் பேருக்கும் வாங்கி வர வேண்டும். நான்தான் சொன்னேன். "போடா, போய் ஐஸ்கிரீம் தின்னு. எனக்கு வெனிலா." எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸ், அந்தச் சிரிப்பு என் ஜோக்குக்குக் கிடைத்தது.

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த துப்பாக்கியின் சுத்தியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

சொல்லாமல் விட்டது இதுதான். முந்தின வாரம், ஆலையில் மதிய இடைவேளையில், அந்தச் சுத்தியின் வாலை நான் அரத்தால் ராவினேன். கட்டைவிரல் பிடிப்பதற்கு வரி வரியாக இருக்குமே, அதை மழமழவென்று ஆக்கி, பாதியாகக் குறைத்தேன். சுத்தி லேசானால் உள்ளே மெல்லிய ஸ்பிரிங் போடலாம். மெல்லிய ஸ்பிரிங் போட்டால் முதல் குண்டுக்கு விசை இளகி வரும். அதில்தான் அவன் ஒவ்வொரு போட்டியிலும் தோற்றுக்கொண்டிருந்தான். கை வைக்கக் கூடாத பிரிவில் கை வைத்தேன். எங்கள் சின்ன கிளப்பில் யார் கழற்றிப் பார்க்கப்போகிறார்கள்? அவனிடமும் சொல்லவில்லை. "எண்ணெய் போட்டு வச்சிருக்கேன், இனிமே நல்லா வரும்" என்று சொல்லி, அன்று காலை பையோடு கொடுத்தேன். ஜெயித்த பிறகு தானாக வந்ததென்று நினைத்துக்கொள்ளட்டும் என்று ஆசை.

அத்தனை பேர் முன்னால் அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சரிப்பா, வெனிலா" என்றான். காரை எடுத்துக்கொண்டு போனான். மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்று, குறுக்கே வருகிற லாரியை மறைத்த அந்தச் சாலைச் சந்திப்பு. பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியுமே.

காரில் கிடந்த துப்பாக்கியை ஷெரிப் ஆபீசிலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள். பெட்டகத்தில் இருக்கிறது. யாரும் சுத்தியைப் பார்க்கவில்லை. பார்த்தவன் ஒருத்தன்தான்.

இதைப் படித்த பிறகு இந்த விலாசத்துக்கு இனிமேல் எழுத வேண்டாம் என்று உனக்குத் தோன்றலாம். தோன்றினால் அது நியாயம்தான். பிள்ளைகளில் ஒன்றை நான் என் கையால் அனுப்பிவைத்தேன். இன்னொன்றை இந்தக் கடிதத்தால் அனுப்பிவைக்கிறேனோ என்னவோ. ஆனால் நீ கேட்டுவிட்டாய். மறுபடி ஜோக் சொல்லித் தப்பிக்க எனக்கு வாய் வரவில்லை.

அப்பா


டுலூத்
9 ஏப்ரல் 2016

அப்பா,

எனக்குத் தெரியும்.

சுத்தியைப் பார்த்தவன் ஒருத்தன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் அதை ஒருத்தியிடம் சொன்னான். காரில் ஏறியதும் எனக்குத்தான் போன் செய்தான். "அக்கா, ஒரு கூத்தைக் கேளேன். அப்பா என் சுத்தியை ராவி வச்சிருக்காரு. இன்னிக்கு நான் அவுட்டு" என்றான். எனக்குக் கோபம் வந்தது. "அத்தனை பேர் முன்னாலயும் சொல்லியிருக்க வேண்டியதுதானே, ஏன்டா வாயை மூடிக்கிட்டு வந்த?" என்று கத்தினேன். "லூசு, சொன்னா அவரை கிளப்பை விட்டே தூக்கிடுவாங்க. அந்த மனுசனுக்கு வேற என்ன இருக்கு? நான் அடுத்த மாசம் சுட்டுக்கறேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் உங்கள்மேல் கோபமாகப் போகவில்லை, அப்பா. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கோபம் எனக்குத்தான். "வண்டி ஓட்டறேன், அப்புறம் பேசறேன்" என்று இரண்டு முறை சொன்னான். நான் விடவில்லை. உங்களைப் பற்றி இருபது வருடமாக மனதில் வைத்திருந்ததையெல்லாம் அவனிடம் கொட்டினேன். நீங்கள் எல்லாவற்றையும் ஜோக்காக்குவது, எங்களைக் கேட்காமலே எங்களுக்கு நல்லது செய்வது, எல்லாம். அவன் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினான். கடைசி "ம்" வரவில்லை.

இரண்டரை வருடம் நீங்களே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் சொன்னால் உங்கள்மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டு நான் நிம்மதியாகிவிடலாம் என்று நினைத்தேன். உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. போட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

இங்கே பல் டாக்டரிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு "ம், ம்" என்றுதான் பதில் சொல்வார்கள். ஒரு நாளைக்கு எட்டு பேர். அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று உங்கள் கொதிகலனுக்குப் புரியும்.

உங்களை மன்னித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டியிருக்கிறது, அது மட்டும் தெரிகிறது. எழுத வேண்டாம் என்றால் எழுதாதீர்கள். நியாயம்தான்.

மார்லிஸ்


ஹவ்லிக்
13 ஏப்ரல் 2016

மார்லிஸ்,

காலையில் ஆர்வலிடம் போய் மூன்றையும் திருப்பிக் கொடுத்தேன். டாரலுடையதையும் அவன் மேஜைமேல் வைத்து, சுத்தியைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். கிளப்புக்கும் அவனையே சொல்லச் சொன்னேன். சுத்தியின் வாலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "உக்காரு லென்" என்று மட்டும் சொன்னான். நான் உட்காரவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறேன். ஒன்பது மணி நேரம். இருட்டுவதற்கு முன்னால் உன் வாசலில் இருப்பேன். எங்கே வந்திருக்கிறேன் என்று கேட்க போன் செய்யாதே. போனை இங்கேயே வைத்துவிட்டு வருகிறேன்.

அப்பா