பதினான்காவது ஆள்

ஸ்டோன் க்ரீக், அயோவா
7 டிசம்பர் 2003, ஞாயிறு இரவு

அன்புள்ள குர்ட் அண்ணாவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி நினைக்காமல் எழுத வரவில்லை. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போன மாதம் முழுக்க நீ ஒரே ஒரு கடிதம்தான் போட்டாய், அதிலும் பாதி சாப்பாட்டைப் பற்றி. குக்கி சுட்டு அனுப்பியது நான். நன்றி மட்டும் அம்மாவுக்கு.

வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். துணி உலர்த்தும் மெஷினை ஓடவிட்டிருக்கிறேன். யாராவது இறங்கி வந்தால் துணி காயப்போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளே ஒரே ஒரு துண்டுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். ஜனவரி பத்தொன்பது காகஸ் கூட்டம். அடுத்த நவம்பர் அதிபர் தேர்தலுக்குள் எனக்குப் பதினெட்டு ஆகிவிடும் என்பதால் இந்தத் தடவை நம் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நானும் போய் ஒரு மூலையில் நிற்கலாம். அப்பா தன் வேட்பாளருக்காக வீடு வீடாகப் போகிறார். அதுதான், இந்த ஈராக் போருக்கு ஆதரவாகக் கை தூக்கினாரே, அவருக்காக. டிராக்டர் தொழிற்சாலை யூனியன் ஆட்கள் எல்லாரும் அப்பா பின்னால். சனிக்கிழமை மத்தியானம் என்னையும் இழுத்துக்கொண்டு போகிறார். ஒவ்வொரு வாசலிலும் இதையேதான் சொல்கிறார்: "என் மகன் அங்க இருக்கான். பாதியில விட்டுட்டு வான்னு சொல்ற ஆளுக்கு என் வீட்டுல ஒரு தலைகூட நிக்காது." நான் துண்டறிக்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தலையாட்டுகிறேன்.

அண்ணா, என்னால் அந்த வேட்பாளருக்காக நிற்க முடியாது. போரை முதலிலிருந்தே எதிர்த்தவருக்குத்தான் நிற்கப் போகிறேன். அங்கே பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்கள். எட்டு மாதமாகத் தேடுகிறார்கள். நீ எதற்காகப் போனாய் என்று யாரைக் கேட்டாலும் போன மாதம் சொன்ன பதிலை இந்த மாதம் சொல்வதில்லை.

பெட்டியில் சீட்டுப் போடுகிற விஷயம் என்றால் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். இது நடந்து போய் ஒரு மூலையில் நின்று தலையை எண்ணக் கொடுக்கிற விஷயம். ஊரே பார்க்கும். அப்பா அடிக்க மாட்டார். பேசாமல் இருப்பார். அதுதான் எனக்குப் பயம்.

நீ 'சரி, நில்' என்று ஒரு வார்த்தை எழுது. எனக்கு அது போதும். ஆனால் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. உன் கடிதம் வந்தால் அப்பா சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படிப்பார் என்று உனக்கே தெரியும். நான் சனிக்கிழமை காலையில் வேலை பார்க்கும் டோனட் கடை விலாசம் கீழே இருக்கிறது. கடைக்கார லொரெய்ன் அக்கா வாங்கி வைப்பாள்.

நீ பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடும் உன் தங்கை,
மார்னி


ஈராக்
23 டிசம்பர் 2003

அன்புள்ள மார்னி,

உன் கடிதம் இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. இங்கே அது வேகம். குக்கி தூளாக வந்தது, கரண்டியால் தின்றோம். நன்றி உனக்கே.

நிற்காதே. வாரத்தில் ஆறு நாள் ராணுவ எரிபொருள் லாரி ஓட்டுகிறேன். ஊரில் எல்லாரும் நமக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிகிறது. நீ அந்த மூலைக்குப் போனால், இவன் செய்வதெல்லாம் வீண் என்று என் தங்கையே ஊர் நடுவில் சொன்னதாக ஆகும். எதற்காக வந்தேன் என்பதை நான் திரும்பி வந்து யோசித்துக்கொள்கிறேன். எனக்குப் பதிலாக நீ யோசிக்க வேண்டாம். அப்பா பக்கத்திலேயே நில்.

ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள், இப்போது ஜூலை என்கிறார்கள். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு: எங்கள் லாரிக் கதவு வெறும் தகரம். ஓட்டை போடத் துப்பாக்கியே வேண்டாம், சுத்தியல் போதும். தொழிற்சாலையில் வெட்டி மிச்சமான இரும்புத் தகடு கிடைத்தால் இரண்டு கதவுக்கு ஆகிற மாதிரி அனுப்ப முடியுமா? இங்கே குப்பைமேட்டில் கிடைத்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. யாரிடமும் சொல்ல வேண்டாம்.

குர்ட்


ஸ்டோன் க்ரீக்
11 ஜனவரி 2004, ஞாயிறு இரவு

அண்ணாவுக்கு,

வீட்டு விலாசத்துக்கே போட்டுவிட்டாயே.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். குக்கித் தூளுக்கு அம்மா சிரித்தாள். 'நிற்காதே' வந்ததும் அப்பாவின் குரல் மெதுவானது. அந்தப் பத்தியை முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எந்த மூலை?"

நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கறேன்ல? எந்த மூலைடி?"

"கறி ஆறுது, சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்றாள் அம்மா.

"இனி என்ன பேசறது. அவ அண்ணனே சொல்லிட்டான். நான் ஒரு வார்த்தை சேக்க வேண்டியதில்ல." ஜூலை விஷயத்தைப் படித்தார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மீதியைக் கண்ணாலேயே படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது எனக்கு எழுதினது" என்றார்.

மறுநாள் துவைக்க வந்த சட்டையில் கடிதம் அப்படியே இருந்தது. படித்தேன். ஒரு பத்தி முழுக்க என்னை நிற்காதே என்று சொல்லிவிட்டு, அடியில் கதவுக்கு இரும்பு கேட்டிருக்கிறாய். கடிதத்தை அப்பாவின் நாற்காலியில் வைத்தேன். அவர் எடுத்து மறுபடி பையில் போட்டுக்கொண்டார். நான் படித்தது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

மூன்று நாளாக அவர் தகட்டைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. நேற்று வெர்ன் வந்திருந்தார். தொழிற்சாலையில் தகடு வெட்டும் மெஷின் அவர் பொறுப்புதானே. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து யார் யாரைக் காரில் கூட்டிவருவது என்று பேசினார்கள். அப்பா கேட்பார், இப்போது கேட்பார் என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். மறந்துபோய் வீட்டு விலாசம் எழுதினாயா, தெரிந்தே எழுதினாயா?

நிற்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

மார்னி


ஸ்டோன் க்ரீக்
20 ஜனவரி 2004

அண்ணாவுக்கு,

வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் எண்பத்தெட்டு பேர். குட்டிப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் எண்ணிக்கையில் நான் அப்பா பக்கம்தான் நின்றேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். கால் நகரவில்லை. எதிர் மூலையில் லொரெய்ன் அக்காவும் பன்னிரண்டு பேரும்.

நூலகத்து அம்மாள்தான் கூட்டத்துக்குத் தலைமை. "நூத்துக்குப் பதினஞ்சு இருந்தாதான் மூலை நிலைக்கும். அப்படின்னா பதினாலு பேர். உங்களுக்கு ஒரு ஆள் குறையுது லொரெய்ன். அரை மணி நேரம். அதுக்குள்ள ஆள் பிடிங்க, இல்லைன்னா கலைஞ்சு வேற மூலைக்குப் போங்க" என்றாள்.

வெர்ன் கையைத் தட்டிக் கூப்பிட்டார். "வாங்க லொரெய்ன், இங்க காப்பி சூடா இருக்கு."

"அந்தக் காப்பியைப் போட்டுக் கொடுத்ததே நான்தான் வெர்ன். நீங்க இங்க வந்து குடிங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன். முப்பது அடி இருக்கும். பாதி தூரத்தில் என் ஷூ சத்தம் எனக்கே கேட்டது. லொரெய்ன் அக்கா சற்று நகர்ந்து இடம் விட்டாள். யாரோ "பதினாலு" என்றார்கள்.

அப்பா வந்தார். அந்த அரை மணி நேரத்தில் யாரும் யாரிடமும் வந்து பேசலாம் என்பது விதி. விதியை அவர் மீறவில்லை.

"வா போகலாம்."

"வரல அப்பா."

"உங்க அண்ணன் என்ன எழுதினான்? ஊருக்கே படிச்சுக் காட்டட்டுமா?" சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார்.

"படிங்க. முழுசா படிங்க. அடியில இருக்கறதையும் படிங்க."

அப்பா படிக்கவில்லை. தாள் கையில் அப்படியே நின்றது. அப்போது நான் சொன்னேன், மனப்பாடமாகத்தான் இருந்தது. "அவன் லாரிக் கதவு வெறும் தகரம். சுத்தியலே போதுமாம் ஓட்டை போட. தொழிற்சாலையில இரும்புத் தகடு கேட்டிருக்கான். பதினோரு நாளா உங்க பையில இருக்கு."

கத்தவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

வெர்ன் தன் மூலையிலிருந்து வெளியே வந்தார். "என்ன லாரி?"

அப்பா தாளை மடித்தார்.

"என்ன லாரின்னு கேக்கறேன்யா. அஞ்சு டன்னா? எத்தனை நூல் கனத் தகடு?"

"ரெண்டு நூல் போதும்" என்றார் ஒருவர்.

"ரெண்டு நூல்னா காகிதம் மாதிரி துளைச்சுடும். மூணு நூல் போடு."

"மூணு நூல்னா கீல் தாங்காது."

"கீலையும் செஞ்சு அனுப்பு. ஏன்யா ஹல்வர்சன், எங்க கிட்ட ஏன் வாயே திறக்கல?" என்று வெர்ன் அப்பாவைக் கேட்டார்.

வேட்பாளரை விட்டுவிட்டு ஆறேழு ஆண்கள் நடுக்கூடத்தில் நின்று கதவைப் பற்றிச் சண்டை போட்டார்கள். நூலகத்து அம்மாள் மூன்று தடவை மணியடித்தாள். அவர்களில் ஒருவரும் எங்கள் மூலைக்கு வரவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். ஆனால் எங்கள் மூலை கலையவில்லை. மாவட்டக் கூட்டத்துக்கு எங்கள் மூலையிலிருந்து ஒரு பிரதிநிதி போகலாம். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், நான் கை தூக்கினேன்.

அப்பா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு, "கேட்டா வெர்ன் உடனே செஞ்சிருப்பான். இவ்வளவு பேர் கிட்ட பட்டாளத்துல அவனை நல்லாத்தான் பாத்துக்கறாங்கன்னு சொல்லிட்டு, எப்படிக் கேக்கறது" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். எண்பத்தேழு பேரிடம் சொல்லிவிட்டேன்.

மார்னி


ஈராக்
14 பிப்ரவரி 2004

மார்னி,

நம் ஊர் வாரப் பத்திரிகையில் நீ பேசியதைப் போட்டிருக்கிறார்கள். இங்கே ஒருவனின் அம்மா அதை வெட்டி அனுப்பியிருக்கிறாள். கேப்டன் என்னைக் கூப்பிட்டு, குறை இருந்தால் முதலில் தன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். பையன்கள் எனக்குத் தகரக் கதவு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நீ கேட்டதற்குப் பதில்: தெரிந்தேதான் வீட்டு விலாசம் எழுதினேன். அப்பா உன்னைத் தடுப்பார் என்று நினைத்தேன்.

நான் உயிரோடு இருக்கிற ஒரு ஆள். நீ என்னை எடுத்து ஒரு வாதமாக ஆக்கிவிட்டாய். கூட்டத்தில் ஜெயிப்பதற்கு வீசுகிற வாதம். நான் வீட்டுக்கு ரகசியமாக எழுதியதை நீ ஊருக்குப் படித்தாய். இனி எதை எழுதுவது?

தகடு மூன்று பெட்டி வந்தது. மாட்டிவிட்டோம். மூன்று நூல், கீலோடு. வெர்னுக்கு நன்றி சொல்லிவிடு.

கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே.

குர்ட்


ஸ்டோன் க்ரீக்
29 பிப்ரவரி 2004, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நீ பிரிக்காமல் வைத்தாலும் சரி.

ஆமாம், உன்னை வாதமாக ஆக்கினேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்காக மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதற்காக இல்லை. மறுபடி அந்தக் கூடத்தில் நின்றாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்பா ஒவ்வொரு வாசலிலும் 'என் மகன் அங்க இருக்கான்' என்று சொன்னபோது நீ யாராக இருந்தாய்? நாற்பது வீட்டில் சொன்னார், நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். அதைப் பற்றி நீ ஒரு வரிகூட அப்பாவுக்கு எழுதவில்லை. என்னை அடக்குவதற்கு நீ அப்பாவை வைத்துக்கொண்டாய். ஊரை அடக்குவதற்கு அப்பா உன்னை வைத்துக்கொண்டார். நான் செய்தது மட்டும் எப்படி உனக்குத் துரோகமானது?

நீ ஆள்தான். நானும் ஒரு ஆள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை எண்ணினார்கள்.

நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டுப் போன் அடித்தால் எடுக்கப் பயம். இரண்டு தடவை எடுத்தேன், யாரோ மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். டோனட் கடையில் ஒரு பெரியவர் என் கையிலிருந்து சில்லறை வாங்குவதில்லை, மேஜையில் வைக்கச் சொல்கிறார். அப்பா என்னிடம் "உப்பு" என்பார், "கதவைச் சாத்து" என்பார். வேறு பேச்சில்லை. நேற்று அம்மா அவரிடம், "அவளும் உங்க ரத்தம்தானே, பிடிச்சா விடுவாளா?" என்றாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. நடந்த பிறகும் காலையில் எழுந்து பள்ளிக்கூடம் போகிறேன்.

மாவட்டக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். நம் மாவட்டத்திலிருந்து போனவர்களைத் திருப்பி அழைக்க வேண்டும், அதுவரை ஒருவரையும் தகரக் கதவோடு சாலையில் அனுப்பக் கூடாது. ஆறு தடவை திருத்தி எழுதினேன். முதலில் எழுதியதில் 'என் அண்ணன்' என்று நான்கு இடத்தில் இருந்தது. உன் கடிதம் வந்த பிறகு நான்கையும் அடித்துவிட்டேன். நீ சொன்னதில் அது சரி. இப்போது அதில் உன் பெயர் இல்லை, ஊர்ப் பெயரும் நம் வீட்டுப் பேச்சும் இல்லை. அடியில் என் பெயர் மட்டும் இருக்கிறது. திட்டுகிறவர்கள் என்னைத் திட்டட்டும்.

மார்ச் பதின்மூன்று, சனிக்கிழமை, காலை பத்து மணி. இந்தத் தடவை உன்னைக் கேட்கவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

மார்னி ஹல்வர்சன்