உன் காருக்குக் குறைந்த ஒரு கையெழுத்து

மச்சான்,

இன்று காலை ரூ பஜோல் தெருவில், பிள்ளையார் கோயிலடியில், யாரோ ஒரு பழைய கார் வாங்கிக் கொண்டுவந்து பூசை செய்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசிந்து, அந்த மணம் ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தது. நான் முருங்கைக்காய் வாங்கப் போனவன். வாங்காமலே திரும்பி வந்து இதை எழுதுகிறேன். பிழை பிடிக்காதே. நீயும் என்னைவிட ஒரு வகுப்புத்தான் கூடப் படித்தவன்.

உன் கார் வந்த அன்றும் பழம் வைத்தவன் நான்தான். நீ வேதக்காரன், அந்தோனியார் கோவிப்பார் என்று முறுகினாய்.

"அவருக்கு லைசென்ஸ் இல்லை. நீ பேசாமல் ஏறு," என்றேன்.

ஏறினாய். பழத்துக்கு மேலால் ஓட்டினாய். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியில் செபமாலையையும் தொங்கவிட்டாய்.

விற்ற வெள்ளைக்காரர் கார்த் கிரீஸில், அதுதான் காரின் உரிமைப் பத்திரத்தில், குறுக்கே கோடு இழுத்துத் தன் கையெழுத்தை வைத்தார். விற்பனைத் தாளை நீ காரின் பொனற்றில் விரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு உன்னுடையதை வைத்தாய். கரப்பான் மைக்குள் விழுந்து எழும்பி ஓடியது மாதிரி இருக்கிறது என்று நான் சொல்ல, அந்த வெள்ளைக்காரருக்கு அதை மொழிபெயர்க்கச் சொல்லி அடம்பிடித்தாய்.

எந்தத் தாளை நீட்டினாலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற ஆள் நீ. ஒரே ஒரு தாளுக்கு மட்டும் வைக்கவில்லை.

மகனை வன்னியில் உன் தமையன் வீட்டில் விட்டுவிட்டுத்தான் நீயும் மனுசியும் இங்கே வந்தீர்கள். பிறகு எடுப்போம் என்று இருந்தீர்கள். பாதை பூட்டிற்று. சண்டை முடிந்த பிறகு பெடியனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால் மரணப் பத்திரம் தருவார்களாம் என்று தமையன் ஒரு தாள் அனுப்பினார். நீ அதை வெறுமையாகவே திருப்பி அனுப்பினாய்.

"அவன் செத்ததை நான் காணேல்லை. காணாததுக்கு எப்பிடி மச்சான் கையெழுத்து வைக்கிறது?"

அதற்குப் பிறகு லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் யார் கேட்டாலும் உனக்கு இரண்டு பிள்ளைகள்தான், அவனும் இங்கே பிறந்த மகளும். ஆனால் வீட்டில் அவன் பெயரை மனுசி எடுத்தால், நீ கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவாய். அதனால் அவளும் சொல்வதை விட்டுவிட்டாள்.

நீ கண்ணை மூடிய பிறகு கார் பியர்ஃபித்தில் உன் வீட்டு வாசலில் நின்றது. மனுசிக்குக் கால் ஏலாது. தேவாலயப் பூசைக்கும் வைத்தியரிடமும் கொண்டுபோக, ஓல்னேயில் இருக்கிற உன் மகள் காரைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டாள். அதற்குச் சொத்துப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போகவேண்டுமாம். உரித்தாளிகள், அதுதான் வாரிசுகள், எல்லோரும் கையெழுத்து வைக்கவேண்டும். அவர்கள் யார் யார் என்று உன்னைத் தெரிந்த ஒருவர் சாட்சி சொல்லவேண்டும். வேறு ஆர், நான்தான்.

படியேறும்போது உன் மகள் என் கையைப் பிடித்தாள்.

"மாமா, அப்பாவுக்கு நான் மட்டும்தான் எண்டு சொல்லுங்கோ. அண்ணாவை நான் கண்டதே இல்லை."

நான் கதவு மணியை அழுத்தினேன்.

நொத்தாரிசு ஒரு இளம் பெண். மிசியூ சூசையின் மரணத்துக்கு வருந்துகிறேன் என்று தொடங்கினாள். சூசை மன்னாரில் எப்போதோ செத்துப்போனார், நாங்கள் அவருடைய மகனின் விசயமாக வந்திருக்கிறோம் என்றேன். அவள் திகைத்துப்போய்த் தாள்களைப் புரட்டினாள். எங்கள் ஆட்களுக்கு இங்கே தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயராகிவிடுகிறது என்று உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி விளங்கப்படுத்தினாள். நீ செத்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் கண்டேன்.

பிறகு அந்தப் பெண் கேட்டாள்: இறந்தவருக்கு எத்தனை பிள்ளைகள்?

அவளிடம் இருந்த பத்திரங்களில் மகளின் பெயர் மட்டும்தான். நான் ஒன்று என்று சொன்னால் கார் அன்றைக்கே மகளுக்கு. உன் பிள்ளை குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கையெழுத்து வைக்காத தாளுக்கு நான் வாயால் வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு என்றேன்.

மற்றவர் எங்கே என்று கேட்டாள். தெரியாது என்றேன். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள். அதுவும் தெரியாது என்றேன். அவள் பேனையை மூடி வைத்துவிட்டு, அவரின் கையெழுத்தோ நீதிமன்றத் தீர்ப்போ இல்லாமல் காரை மாற்ற முடியாது என்று மெதுவாகச் சொன்னாள்.

ரோட்டில் உன் மகள் எனக்கு முன்னால் நடந்தாள். சந்தியில் நின்று திரும்பினாள்.

"இப்ப அம்மாவை ஆர் கொண்டு போறது?"

"நான்."

"எதிலை?"

"ட்ராமிலை."

இன்னும் அவள் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. அவளில் பிழை இல்லை. தாய் நொண்டுவதைப் பார்க்கிறவள் அவள்தானே.

உன் மனுசிக்கு நானே போய்ச் சொன்னேன். வாசலில் நின்றபடி கேட்டாள்.

"ரெண்டு எண்டே சொன்னியள், அண்ணை?"

ஓம் என்றேன். குசினிக்குள் போனாள். தண்ணீர்க் குழாய் கனநேரம் திறந்தே கிடந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அவளைப் பூசைக்குக் கூட்டிப்போகிறேன். சாமியார் என்னைப் பிடித்து ஞானஸ்நானம் தந்துவிடுவார் என்று நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். போன கிழமை திரும்பி வரும்போது, ட்ராமில் கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டு, நான் கேட்காமலே மகனைப் பற்றித் தொடங்கினாள்.

"அமலனுக்குப் பல்லியெண்டாப் பயம், அண்ணை. பல்லி கத்தினாத் தகப்பன் கட்டியிருக்கிற சாரத்துக்குள்ளை பூந்திடுவான்."

பகிடி விட வாய் திறந்தேன். அவள் நிறுத்தவில்லை. அவன் நித்திரையில் சிரிப்பது, மீன் தலைக்கு அழுவது, உன்னுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் விழுந்தது. இறங்கவேண்டிய இடம் வந்து போயிற்று. நான் சொல்லவில்லை, அவளும் எழும்பவில்லை.

இவ்வளவு காலம் என்னோடு திரிந்தும் உன் சாரத்துக்குள் அவன் ஒளிந்த கதையை நீ எனக்குச் சொல்லவே இல்லையே, கள்ளா. இப்போது எனக்குத் தெரியும். அவள் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறேன்.